‘எந்தக் கம்பெனி?’ என்று கேளுங்கள், சிஸ்டர்

சிப்காட் ஓரத்து மருத்துவமனைகளில் பணியில் சேரும் புதிய செவிலியர்களுக்கு ஓர் ஆலோசனை

மூன்றாண்டு டிப்ளமாவோ நான்காண்டு பி.எஸ்சி.யோ முடித்து, கவுன்சிலில் பெயரைப் பதிந்து, முதல் டியூட்டிக்குப் போகும் செவிலியருக்கு ஆலோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பொறுமையாக இரு, சீனியர் சிஸ்டர் சொன்னால் எதிர்த்துப் பேசாதே, டாக்டர் கோபப்பட்டால் மனதில் வைக்காதே, நோயாளியிடம் சிரித்த முகமாக நட என்று வீட்டிலும் கல்லூரியிலும் சொல்லி அனுப்புகிறார்கள். இவற்றில் தவறு எதுவும் இல்லை. ஆனால் எல்லாமே எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதைப் பற்றியவை. எதைக் கவனிப்பது, எதைக் கேட்பது, எதை எழுதுவது என்று யாரும் சொல்வதில்லை. கல்லூரியில் படித்ததற்கும் வார்டில் காண்பதற்கும் உள்ள இடைவெளியில் புதியவர்கள் நிலைகுலைவதை அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-இலேயே ஒரு நூலாக எழுதினார். அந்த அதிர்ச்சியைக் கடக்க நம் ஊரில் தரப்படும் ஒரே மருந்து மௌனம். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வேலைக்குச் சேரும் செவிலியருக்கு அந்த மருந்து ஒத்துவராது. இங்கே முதல் வருடத்திலேயே கைவரவேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. வருகிற நோயாளியிடம் என்ன வேலை, எந்தக் கம்பெனி, எந்த ரசாயனம் என்று கேட்பதும், கேட்டதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவதும்தான் அது. ஐ.வி. போடக் கற்பதற்கு இணையான அடிப்படைத் திறன் இது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், உப்பனாற்றங்கரையை ஒட்டி, 1980-களில் உருவானது சிப்காட் தொழிற்பேட்டை. பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, செம்மங்குப்பம் என்று ஊர்களுக்கு நடுவிலேயே பூச்சிமருந்து, மருந்து மூலப்பொருள், சாயம், பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலைகள் எழுந்தன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் தொழிற்பகுதிகளை அளந்து மதிப்பெண் போட்டபோது, 70-க்கு மேல் வாங்கிய இடங்களைக் கடுமையாக மாசடைந்தவை என்று அறிவித்தது. கடலூர் பெற்றது 77.45. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையை உள்ளடக்கிய வேலூர்ப் பகுதிக்கு அடுத்த இடம். 2021 மே 13 அன்று, கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், இங்குள்ள பூச்சிமருந்து ஆலை ஒன்றில் ஏற்பட்ட வெடிவிபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். புகையைச் சுவாசித்துப் பலர் மருத்துவமனைக்கு வந்தார்கள். 2025 மே மாதம் ஒரு துணி ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, குடிகாட்டில் வீடுகளுக்குள் ரசாயன நீர் புகுந்தது. இப்படி எது நடந்தாலும் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடம் மஞ்சக்குப்பத்திலுள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனையோ, ஒரு தனியார் நர்சிங் ஹோமோ, சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985-இல் தொடங்கி இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கும் மருத்துவமனையோதான். அங்கே கதவருகில் முதலில் நிற்பவர் செவிலியர். பல நேரம், சேர்ந்து சில மாதமே ஆன செவிலியர்.

பெரிய விபத்து என்றால் தொலைக்காட்சி சொல்லிவிடும். கேட்க வேண்டிய தேவை குறைவு. கேள்வி உயிரைக் காப்பது சாதாரண நாளில், தனியாக வரும் நோயாளியிடம். விரலில் எரிகிறது என்று ஒருவர் வருகிறார். தோல் சற்றே சிவந்திருக்கிறது, வலியோ தாங்க முடியவில்லை. சாதாரண அமிலக் காயம் என்று மருந்து தடவி அனுப்பிவிடலாம். அவர் தொட்டது ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாக இருந்தால் கதை வேறு. அது தோலைக் கடந்து உள்ளே போய் ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். காயம் பெரிதானால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். நீர்த்த அமிலம் என்றால் வலியே பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். தண்ணீரில் நன்றாகக் கழுவியபின் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவுவதும், இ.சி.ஜி.யைக் கவனிப்பதும் தேவை. இந்த அமிலத்தைத் தயாரிக்கும் ஆலை கடலூர் சிப்காட்டிலேயே இருக்கிறது என்பதால் இது பாடப்புத்தகத்தோடு நின்றுவிடும் அபூர்வ நோய் இல்லை.

இன்னொருவர் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வருகிறார். உடல் வியர்த்து, வாயில் எச்சில் வழிந்து, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் அது சாப்பாட்டுக் கோளாறாக இருக்க வாய்ப்பில்லை, ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து. ஆலையில் மூட்டை தூக்கியவருக்கும் வரலாம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கொல்லையில் மருந்து அடித்தவருக்கும் வரலாம். அட்ரோபின் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதில் உயிர் இருக்கிறது. மூன்றாமவருக்கு உதடு நீலம் பாரித்திருக்கிறது. ஆக்சிஜன் வைத்தும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 85-லேயே நிற்கிறது. எடுத்த ரத்தம் சாக்லேட் நிறம். சாயத் தொழிலில் புழங்கும் அனிலின் போன்ற பொருள்கள் ரத்தத்தின் ஹீமோகுளோபினையே மாற்றிவிடுவதால் வரும் நிலை இது. மாற்று மருந்து மெத்திலீன் புளூ. நான்காமவர் வாயுவைச் சுவாசித்தவர்; இருமல் அடங்கிவிட்டது, வீட்டுக்குப் போகிறேன் என்கிறார். ஃபாஸ்ஜீன், நைட்ரஜன் ஆக்சைடு போன்றவை மணிக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு இரவில் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். இந்த நால்வரிலும் நோயை வெளிப்படுத்தும் பரிசோதனை ஒன்றுதான், ‘என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்ற கேள்வி. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமட்சினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு தொழிலையும் கேட்கச் சொன்னார். முன்னூறு ஆண்டு கடந்தும் நம் கேஸ் ஷீட்டுகள் பலவற்றில் அந்த இடத்தில் ‘கூலி’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.

கேள்வி கேட்பவரையும் அந்தக் கேள்வி காப்பாற்றும். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சு வீசப்பட்டபோது, புனித லூக்கா மருத்துவமனைக்கு ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள். என்ன நஞ்சு என்று முதலில் தெரியவில்லை. உடையைக் களையாமல், உடலைக் கழுவாமல் உள்ளே சேர்த்தார்கள். பின்னர் ஊழியர்களிடம் விசாரித்தபோது, பதிலளித்தவர்களில் 23 விழுக்காட்டினருக்கு நச்சின் அறிகுறிகள் இருந்தது தெரியவந்தது. சரினும் நம் வயல்களில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட்டுகளும் ஒரே குடும்பம். ஆகவே புதிய செவிலியர் மனதில் நிறுத்த வேண்டிய வரிசை இது: முதலில் கையுறை, முடிந்தால் நைட்ரைல், பிறகு நோயாளியின் உடையைக் களைந்து பையில் கட்டுவது, உலர்ந்த பொடி என்றால் முதலில் தட்டித் துடைத்துவிட்டு நிறையத் தண்ணீரில் கழுவுவது, அதன் பிறகே உள்ளே. உடையைக் களைவதிலேயே நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். என்-95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெண் தொழிலாளி என்றால் திரை கட்டி, மாற்றுடை கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. கேஷுவாலிட்டி வாசலில் ஒரு குழாயும் திரையும் இல்லையென்றால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் எழுதிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நோயாளியின் பையைத் தொடும் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளி சாதாரண நோயென்று விடுப்பெடுத்தால் சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும், அதுவும் வரையறுத்த நாள்களுக்கு மட்டும். வேலையால் வந்த காயம் என்றால் 90 விழுக்காடு; நிரந்தர ஊனம் என்றால் வாழ்நாள் முழுக்க உதவித்தொகை. இந்த இரண்டில் எது என்று பின்னாளில் முடிவு செய்யும்போது, முதல் நாள் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டிலும் நர்ஸ் குறிப்பிலும் என்ன இருக்கிறது என்று புரட்டுவார்கள். கொண்டுவந்து சேர்த்தவர் ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று சொல்ல, அதையே எழுதிவிட்டால் அந்தக் குடும்பத்தின் வழக்கு அன்றே பாதி தோற்றுவிடும்.

ஊருக்கும் இந்தப் பதிவு தேவை. 1956 ஏப்ரலில் ஜப்பானின் மினமாட்டாவில், சிஸ்ஸோ ரசாயன ஆலையின் சொந்த மருத்துவமனைக்கு நடக்கவும் பேசவும் தடுமாறிய ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். இரண்டு நாளில் அவள் தங்கையும் அதே நிலையில். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இப்படித்தான் என்று தாய் சொன்னதை அந்த மருத்துவமனை அலட்சியம் செய்யவில்லை. வீடு வீடாக விசாரித்தார்கள், மேலும் பலர் அகப்பட்டார்கள். மே 1 அன்று மருத்துவமனைத் தலைவர் ஹோசொகாவா சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். பாதரச நச்சு உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். அரசு அதை ஒப்புக்கொள்ள 1968 ஆனது என்றாலும், ஒப்புக்கொள்ள வைத்த சங்கிலியின் முதல் கண்ணி ஒரு வார்டில் காதுகொடுத்துக் கேட்கப்பட்ட ஒரு தாயின் சொல். நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் வந்தது. இடைப்பட்ட 15 ஆண்டுகளும் பெரும்பாலும் நோய்க்கும் பாதரசத்துக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்ற வாதத்திலேயே கழிந்தன. கடலூரிலும் குடிகாட்டு மக்கள் கண்ணெரிச்சலையும் மூச்சுத் திணறலையும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆதாரம் எங்கே என்ற எதிர்க்கேள்வியும் வந்துகொண்டே இருக்கிறது. மத்திய வாரியத்தின் அந்த மாசு மதிப்பெண் கணக்கை 2016-இல் திருத்தியபோது, மக்கள் உடல்நலத்துக்கான மதிப்பெண்ணை அந்தப் பகுதியின் முக்கிய மருத்துவமனைகளில் உள்ள நோய்ப் பதிவுகளை வைத்தே போடச் சொன்னார்கள். ஆக, நைட் டியூட்டியில் எழுதும் ஒரு வரி பல ஆண்டு கழித்து இந்தத் தொழிற்பேட்டையின் மதிப்பெண்ணாக மாறக்கூடும். எழுதாத வரி பூஜ்யமாகத்தான் கணக்கில் ஏறும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, நோய் வரலாறு கேட்பது டாக்டர் வேலை என்பது. டாக்டர் கேட்கவே செய்கிறார். நோயாளியோடு அவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடமும் பல நேரம் கம்பெனி சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போதுதான். அவர் எதிரில் தொழிலாளி வாய் திறக்கமாட்டார். இரவு இரண்டு மணிக்கு டிரிப் மாற்ற வரும் சிஸ்டரிடம் ‘டிரம் கழுவச் சொன்னாங்க, மாஸ்க் தரல’ என்பார். அவர் மனைவி ‘ஒரு வாரமாவே இருமுறாரும்மா’ என்பார். எட்டு மணி நேரம் அருகில் இருப்பவருக்குக் கிடைக்கும் தகவல் இது. டாக்டரிடம் கொண்டுசேர்ப்பது அவருக்கு உதவி, அவர் அதிகாரத்தில் தலையிடுவது ஆகாது. நோயைத் தீர்மானிக்க வேண்டாம். சொன்னதைச் சொன்னபடி எழுதி, டியூட்டி டாக்டருக்குத் தெரிவித்தால் போதும்.

இரண்டாவது மறுப்பு கனமானது: நேரம் எங்கே? இந்திய செவிலியர் கவுன்சிலின் விதிப்படி பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர். இந்தக் கணக்கு பல வார்டுகளில் ஏட்டோடு நின்றுவிடுகிறது என்பது நோயாளியாகப் படுத்த யாருக்கும் தெரியும். லிண்டா ஐகன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதைக் காட்டியது. எனவே ஆள் போடாமல் அறிவுரை மட்டும் சொல்வது ஏமாற்று என்று ஒரு செவிலியர் கோபப்பட்டால், அந்தக் கோபம் நியாயமே. ஆனாலும் கேட்கச் சொல்வது நான்கே கேள்விகள். வைட்டல்ஸ் பார்க்கும்போதே கேட்டுவிடலாம். கேட்காமல் விட்டு, கேஷுவாலிட்டி முழுக்க நச்சு பரவினால் போகும் நேரம் அதைவிடப் பல மடங்கு. ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்று தினமும் எழுதிவைப்பதும் இதே பழக்கத்தின் நீட்சிதான். கூடுதல் ஆள் கேட்கப் போகும் சங்கத்துக்கும் அந்தக் குறிப்பேடு பயன்படும்.

மூன்றாவது, பயம். புதியவர்களில் பலருக்கு வேலையே நிரந்தரம் இல்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015-இல் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாயில் தொடங்கி, 2017 நவம்பரில் சென்னையில் போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. தனியாரில் நிலைமை இன்னும் மோசம் என்பதால்தான் 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகவில்லை. இந்த நிலையில் ஆலைகளோடு சிகிச்சை ஒப்பந்தம் வைத்திருக்கும் மருத்துவமனையில் ‘கம்பெனியில் வாயு கசிந்தது’ என்று எழுதத் துணிச்சல் எங்கிருந்து வரும்? பதில் எழுதும் முறையில் இருக்கிறது. ‘கசிந்தது’ என்று செவிலியர் சாட்சி சொல்ல வேண்டாம். ‘பிளான்டில் நெடி அடித்ததாகவும் அதன்பின் இருமல் தொடங்கியதாகவும் நோயாளி கூறுகிறார்’ என்று நேரத்தோடு எழுதினால் அது குற்றச்சாட்டு இல்லை, மருத்துவக் குறிப்பு. குறிப்பை வாட்ஸ்அப்பில் பரப்புவது, நிருபரிடம் கொடுப்பது ஆகியவை நோயாளிக்குச் செய்யும் துரோகம். அவர் வேலையும் அதில் போகலாம். கேட்பதைத் தனியாகக் கேட்டு, ஷீட்டோடு நிறுத்திக்கொண்டால் அது நோயாளிக்கும் கவசம், செவிலியருக்கும் கவசம். பின்னாளில் விசாரணை வந்தால், எழுதாமல் விட்ட செவிலியர்தான் முதலில் அகப்படுவார்.

கடைசியாக, ஊசி போடவே கை நடுங்கும் பெண்ணிடம் இதையெல்லாம் சுமத்தலாமா என்று கேட்கிறார்கள். மருந்தளவு, ஐ.வி., ஹேண்டிங் ஓவர் ஆகியவை முதலில் வரவேண்டும் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் புதியவருக்கு மட்டும் உள்ள ஒரு பலத்தைச் சீனியர்கள் மறந்துவிடுகிறார்கள். இருபது ஆண்டு இங்கே வேலை பார்த்தவருக்கு ரசாயன நெடியும் ‘கம்பெனி கேஸும்’ பழகிப்போய்விட்டன. ஒரே வாரத்தில் ஒரே ஊரிலிருந்து மூன்று பேர் இருமலோடு வந்தால் ஏன் என்று வியப்பது, இன்னும் பழகாதவர்தான். அந்த வியப்பை முதல் வருடத்திலேயே அடக்கிவிட்டால் பிறகு வராது.

அந்த நான்கு கேள்விகள் இவை. முதலாவது, என்ன வேலை, எந்த ஆலை, எந்த ரசாயனம். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ரசாயனத்தின் பெயர் தெரியாது, ஆகவே பொடியா திரவமா, என்ன நிறம், என்ன நெடி, டிரம்மில் என்ன படம் ஒட்டியிருந்தது என்று கேட்கவேண்டும். இரண்டாவது, எப்போது தொடங்கியது, வாராந்திர விடுப்பு நாளில் குறைகிறதா. குறைந்தால் வேலையிடத்தைச் சந்தேகிக்கலாம். மூன்றாவது, கூட வேலை செய்தவர்களுக்கோ வீட்டிலோ பக்கத்திலோ இதே தொந்தரவு உண்டா. நான்காவது, துணி, கையுறை, முகக்கவசம் என்ன போட்டிருந்தார், மாற்றினாரா. விடைகளை நேரத்தோடு எழுதி, ஹேண்டிங் ஓவரில் வாய்விட்டும் சொல்லவேண்டும்.

செவிலியரின் பழக்கம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1984 டிசம்பரில் போபால் ஹமீதியா மருத்துவமனைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தபோது, கசிந்தது என்ன, எப்படிச் சிகிச்சை தருவது என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அது கண்ணீர்ப்புகை மாதிரிதான் என்ற பதில் ஆலைத் தரப்பிலிருந்து கிடைத்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகே, அபாயகரமான ஆலைகள் தம்மிடமுள்ள ரசாயனங்களின் தன்மையைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற பிரிவு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்தது. 1989 விதிகள் மாவட்ட நிர்வாகம் ஆலைக்கு வெளியேயான அவசரகாலத் திட்டம் தயாரிப்பதைக் கட்டாயமாக்கின. அந்தத் தகவல் கோப்புகளில் கிடந்து பயனில்லை. சிப்காட்டில் எந்த ஆலையில் என்ன ரசாயனம், அதற்கு முதலுதவி என்ன, மாற்று மருந்து என்ன என்று தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, கடலூர், சிதம்பரம் மருத்துவமனைகளின் ஒவ்வொரு கேஷுவாலிட்டிச் சுவரிலும் ஒட்ட மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவு ஆகாது. கேஸ் ஷீட்டில் ‘தொழில்’ என்ற கட்டத்துக்குக் கீழே ‘பணியிடம்’, ‘கையாண்ட பொருள்’ என்று இரண்டு கட்டம் கூட்டுவதும் அச்சகச் செலவுதான். சிதம்பரத்திலுள்ள செவிலியர் கல்லூரி போன்றவை இறுதியாண்டில் ஒரு வாரத்தை இந்தப் பயிற்சிக்கு ஒதுக்கலாம். இவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைச் சரிபார்த்துக்கொண்டு, கால்சியம் குளுக்கோனேட்டும் அட்ரோபினும் மெத்திலீன் புளூவும் எந்த அலமாரியில் இருக்கின்றன, இருக்கின்றனவா என்று பார்த்துவைப்பது புதிய செவிலியரே செய்யக்கூடியது. இல்லையென்றால் இன்டென்ட் எழுதுங்கள். அந்த இன்டென்டுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.